கண் திறக்காத நாற்பது சிங்கங்கள்

என்ன தொழில் செய்கிறாய் என்று எங்கள் தெருவில் யாராவது கேட்டால் "பெல்ட் பக்கிள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுதாகச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஐரோப்பாவில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிற மனிதர்கள் சனி, ஞாயிறு வந்தால் அறுநூறு வருஷத்துக்கு முந்தைய உடுப்பை மாட்டிக்கொண்டு, வயல்வெளியில் கூடாரம் அடித்து, மொக்கைக் கத்தியால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, விறகடுப்பில் கூழ் காய்ச்சிக் குடிக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருகிறார்கள். நாங்களும் அதே போலக் கேப்பைக்கூழ் குடித்துத்தான் வளர்ந்தோம். எங்களை யாரும் படம் எடுக்கவில்லை. அவர்கள் இடுப்பில் கட்டும் தோல்பட்டைக்குக் கையால் வார்த்த வெண்கலப் பக்கிள்தான் வேண்டும். மிஷினில் அடித்ததைக் கட்டிக்கொண்டு போனால் கூட்டத்தில் ஒருவர் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவாராம். அந்தப் பக்கிளைத்தான் நான் திண்டிவனத்தில் வார்த்து, வீடு இருக்கும் விழுப்புரத்திலிருந்து அனுப்புகிறேன்.

இதற்கு முன் பதினோரு வருஷம் குயிலாப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோல்பட்டறையில் பை, பெல்ட் தைத்தேன். அங்கே வந்த ஒரு வெளிநாட்டுக்காரர்தான் இப்படி ஒரு பக்கிள் உலகம் இருப்பதைக் காட்டிவிட்டுப் போனார். பிறகு ஒருநாள், அரை நாள் லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர் என் குடும்ப வரலாற்றையே விசாரித்தார். கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, இனி எவரிடமும் லீவு கேட்டு நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பட்டறை முழுக்கக் கேட்டது. ஆகவே, திரும்பிப் போகும் வழியையும் அன்றைக்கே நானே அடைத்துவிட்டேன்.

உலை வைக்க ஒரு கொட்டகை வேண்டும். திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகும் வழியில் என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, அதாவது என் மூத்தாருக்கு, ஒரு தகரக் கொட்டகை காலியாகக் கிடந்தது. அவர் பெரிய மனது பண்ணி வாடகை இல்லாமல் கொடுத்தார். அந்தப் பெரிய மனது எத்தனை பெரியது என்பதைக் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எந்த வேளையிலும் அவர் எங்களுக்கு மறக்கவிட்டதில்லை. மூன்று வருஷம் இப்படிப் போனது. நாலாவது வருஷம் ஒரு பைக் மெக்கானிக் அந்தக் கொட்டகையை வாடகைக்குக் கேட்டார். பெரிய மனதுக்கு அதோடு ஆயுசு முடிந்தது.

"கோயில் திருவிழாக் கொடி ஏறுற வரைக்கும் பாரும்மா," என்றார் மூத்தார். "வருஷம் பூரா வர்ற மாதிரி ஒரு ஆர்டரு காட்டு. இல்லைன்னா மெக்கானிக்குக்கு உட்டுடறேன். நீயும் எத்தினி நாளைக்குப் பேஜாரு பட்டுக்கினு இருப்ப?"

கொடி ஏற மூன்று மாதம் இருந்தது. கொட்டகை போனால் உலை இல்லை. உலை இல்லையென்றால், கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்த அதே மேசைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். ராத்திரி தூக்கம் வராமல் புரண்டேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். பகலில் கோபம் வந்தது, அவ்வளவுதான்.

இனி எனக்கு வார்த்துக் கொடுக்கும் மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் பக்கத்து ஆள்தான். சின்ன வயதிலேயே கும்பகோணத்துப் பக்கம் போய், சாமி சிலை வார்க்கும் பட்டறையில் இருபது வருஷம் இருந்துவிட்டு, மாமனார் ஊர் என்று திண்டிவனத்துக்கு வந்தவர். அவருக்கு ஐம்பது வயது. நடராசரின் விரிசடையை மெழுகில் இழை இழையாக வைத்த கை. அந்தக் கையைக் கொண்டு வந்து நான் வட்டமும் சதுரமும் போடச் சொன்னேன். முதல்நாள் மாதிரியைப் பார்த்துவிட்டு, "இது மாட்டுக்குக் கட்டற வளையமா மேடம்?" என்று கேட்டார். மனுஷனுக்குத்தான் என்றேன். "அப்டியா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதில் இருந்த மரியாதைக் குறைவை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருக்கி, பக்கிளை மெழுகிலேயே செய்து, ஏரி வண்டலை மாவாகச் சலித்துக் குழைத்து மேலே பூசி, காயவைத்து, சுட்டு, மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் வெண்கலத்தை ஊற்றுவார். ஆறியதும் மண்ணை உடைத்தால் பக்கிள். ஒரு மண்கூட்டுக்கு ஒரு பக்கிள்தான். அதன் படத்தை இன்டர்நெட்டில் என் கடையில் போடுவேன். ஒருமுறை மேஸ்திரியின் கையைச் சேர்த்துப் படம் எடுத்துப் போட்டேன். பக்கிளை விட்டுவிட்டு எல்லாரும் கையில் இருந்த சூட்டுத் தழும்பைப் பாராட்டினார்கள். நெருப்பு சுட்டால் தழும்பு வரும் என்பது அவர்களுக்குப் புது விஷயம் போலிருந்தது.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறை, பேக்கிங். மூன்று வருஷமாகத் தலைதலையாக அடித்துக்கொண்டேன். பக்கிளை எல்லாம் மல்லாட்டைக் கடலை மாதிரி ஒரு கோணியில் கொட்டித்தான் கொடுப்பார். நான் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துத் தாளில் சுற்றுவேன்.

கொடி ஏற இரண்டு மாதம் இருக்கும்போது போலந்திலிருந்து ஓர் அம்மாள் எழுதினார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னே சொன்ன மாதிரி ஒரு பழங்காலப் படைக்குத் தலைவி. அவர் படைக்கு நாற்பது பக்கிள் வேண்டும். ஆனால் வட்டமும் சதுரமும் இல்லை; மியூசியத்தில் இருக்கும் ஒரு பக்கிளின் படத்தை அனுப்பியிருந்தார். அதில் கடலை உருண்டை அளவில் ஒரு சிங்க முகம், அதன் வாயிலிருந்து வளையம். அது பிடித்திருந்தால் தங்கள் கூட்டமைப்பு முழுவதற்கும் வருஷா வருஷம் வாங்குவோம் என்று எழுதியிருந்தார். மூத்தார் கேட்ட ஆர்டர் அதுதான்.

மேஸ்திரியிடம் படத்தைக் காட்டினேன். போனை வாங்கி, பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக, "இது வேல" என்றார். பிறகு அவர் டீ குடிக்கப் போவதுகூடக் குறைந்துபோனது. நாற்பதுக்கும் ஒரே அச்சில் மெழுகை எடுக்கலாமே என்றேன். அவர் நாற்பது முகத்தையும் தனித்தனியாகக் கையால் வைத்தார். ஒன்றுக்குக் கொஞ்சம் கோபம் அதிகம், ஒன்றுக்கு மூக்கு சப்பை, ஒன்று எங்கள் மூத்தாரைப் போலவே இருந்தது. வார்த்து எடுத்ததும் நான் போய் ஒவ்வொன்றிலும் தோல்பட்டையை விட்டு, பக்கிளின் முள் துளையில் சரியாக உட்காருகிறதா என்று பின்பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கிளில் எனக்குத் தெரிந்தது முள்தான். முகம் அவர் பாடு என்று விட்டுவிட்டேன்.

வாங்கிப்போகச் சென்ற அன்று ஓர் அதிசயம் நடந்தது. நாற்பது பக்கிளும் நாற்பது சின்ன மூட்டைகளாக இருந்தன. புதுத் துணி. ஒவ்வொன்றிலும் மஞ்சள் நூலால் அழகாக ஒரு முடிச்சு. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "மேஸ்திரி, கடைசியில பேக்கிங் கத்துக்கினீங்களே," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புகழ்ச்சிக்குக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். விழுப்புரம் பஸ் வந்துவிட்டது, ஓடிவிட்டேன். அவ்வளவு அழகான முடிச்சைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. துணியோடே டப்பாவில் அடுக்கினேன்.

விழுப்புரத்தில் வெளிநாட்டுப் பார்சல் எடுக்கும் கூரியர் கடையில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். வெண்கலம் என்றதும் அந்தத் தம்பியின் முகம் மாறியது. "சிலையா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் பக்கத்தில் வெண்கலம் வெளிநாடு போகிறதென்றால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் கைப்பையிலிருந்து ஒரு சாதா வட்டப் பக்கிளை எடுத்துக்காட்டி, பெல்ட் போட்டும் காண்பித்தேன். சமாதானமானார். பார்சல் போய்விட்டது. கொடி ஏற இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது.

பத்து நாள் கழித்து போலந்து அம்மாளிடமிருந்து ஒரு கடிதம். மரியாதையான கடிதம். துணி மிக அழகு, முடிச்சு மிக அழகு, பிடரிமயிர் மியூசியத்தில் இருப்பதைவிட அழகு என்று மூன்று அழகு சொல்லிவிட்டு நாலாவதாக, "எங்கள் வரலாற்று ஆலோசகர் ஒரு விஷயத்தைக் கவனித்தார், இந்தச் சிங்கங்களுக்குக் கண் இல்லை" என்று எழுதியிருந்தார். கூடவே படங்கள். நாற்பது முகம், நாற்பதிலும் கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று இரண்டு மேடு. பார்வை இல்லாத நாற்பது சிங்கங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பக்கிளைக் கட்டிக்கொண்டு அவர்கள் போக வேண்டிய விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. திருப்பி அனுப்பிச் சரிசெய்ய நேரம் இல்லை.

அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் போய் மேஸ்திரியின் முன்னால் போனை நீட்டினேன். வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு என்னிடம் தயாராக இருந்தது. அவர் படத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அவர்தான் முதலில் என்னைத் திட்டினார்.

"அப்டியே அனுப்பிட்டீங்களா? மூட்டையோடயா? நீங்க நாள் குறிச்சு சொல்லுவீங்க, உளிய எடுத்துக்கினு வரலாம்னு உக்காந்துக்கினு இருக்கேன் நான்."

எதற்கு நாள் என்று கேட்டேன். கண் திறக்க என்றார். முகம் என்று ஒன்றை வார்த்தால், எல்லா வேலையும் முடிந்த பிறகு, அதைச் செய்யச் சொன்னவர் குறித்துக் கொடுக்கும் நாளில்தான் கடைசியாகக் கண்ணை வெட்டுவார்களாம். அதுவரைக்கும் துணியால் மூடி வைப்பார்களாம். அவர் வேலை செய்த பட்டறையில் இருபது வருஷமும் அப்படித்தானாம். மூன்று வருஷமாக நான் முகமே கேட்காததால் இந்தப் பேச்சே எழவில்லை. இது சாமி இல்லை மேஸ்திரி, பெல்ட் என்று கத்தினேன். "மொகம் இருக்குதில்ல?" என்றார். அப்புறம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்கள் வேதக்காரங்க, உங்கள் கோயிலில் வைத்து உங்கள் சாமியார் கையால் திறப்பீர்களோ என்னவோ, அதைப் போய் நான் கேட்பது மரியாதையா என்று நினைத்தாராம். மூன்று வருஷமாகக் காட்டாத மரியாதையை மனுஷன் சரியாக அன்றைக்குப் பார்த்துக் காட்டியிருக்கிறார்.

போலந்து அம்மாளே ஒரு வழி எழுதியிருந்தார். தங்கள் படையில் ஒரு கொல்லர் இருக்கிறார், ஆணியால் இரண்டு புள்ளி தட்டிவிடலாமா என்று. தட்டுங்கள் தாயே என்று எழுதிவிட்டால் என் கொட்டகை பிழைக்கும். அதை மேஸ்திரியிடம் சொன்னேன். ஆணி என்று கேட்டதும் மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். அப்படிச் செய்தால் இனி அந்த உலையை மூட்டமாட்டேன் என்றார். மேஸ்திரி இல்லாத கொட்டகையை வைத்துக்கொண்டு நான் பைக்குக்குப் பஞ்சர்தான் ஒட்ட வேண்டும். கெஞ்சினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, பரிகாரம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

நான் எழுதிக்கொண்டேன். பக்கிளை அவரவர் தன் கையில் வைத்துக் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். சூரியன் வந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழக்கமாக முதலில் கண்ணைத் தொடும் தங்க உளி அவர்களிடம் இருக்காது. கல்யாண மோதிரத்தால் கண்ணைத் தொட்டுவிட்டு அப்புறம் இரும்பு உளியால் வெட்டலாம். திறந்ததும் முதலில் கண்ணாடி, பிறகு கன்றோடு பசு, பிறகு நெற்குவியல், இந்த மூன்றையும் காட்ட வேண்டும். நெல்லுக்கு எங்கே போவார்கள் என்று கேட்டேன். "அங்க இன்னா வெளையுது?" என்றார். கோதுமை என்றேன். சரி, அதுவும் தானியம்தானே என்று விட்டுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற நான், போலந்தில் இருக்கும் கத்தோலிக்கர்கள் பெல்ட்டுக்குக் கண் திறக்கும் முறையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வரிசையாக எழுதி அனுப்பினேன். இது பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டிய வகையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கள் தப்பு என்று மட்டும் எழுதவில்லை. "எங்கள் பட்டறை மரபு" என்று எழுதினேன். அது வாயைத் திறக்காமல் சொன்ன பொய்.

பத்து நாளில் வீடியோ வந்தது. மூடுபனி படர்ந்த புல்வெளியில், நீளநீளமாகத் தாடி வைத்த ஆண்களும் முக்காடு போட்ட பெண்களுமாக நாற்பது பேர் கிழக்கே பார்த்து வரிசையாக நிற்கிறார்கள். மோதிரத்தால் தொடுகிறார்கள், உளியைத் தட்டுகிறார்கள். ஒருவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வரிசை நெடுக ஓடுகிறார். நிஜமாகவே ஒரு பசுவையும் கன்றையும் கொண்டு வந்திருந்தார்கள். அந்தப் பசு தன் வாழ்நாளில் அத்தனை சிங்கத்தை ஒரே சமயத்தில் பார்த்திருக்காது. ஆனாலும் நிதானமாகப் புல் மேய்ந்தது. ஒரு பெரிய உருவம், இரும்புச் சட்டை போட்டவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஸ்திரி மூன்று தடவை பார்த்தார். கன்று அம்மாவைவிட்டுத் தள்ளி நின்றது என்று மட்டும் ஒரு குறை சொன்னார்.

மறுநாளே ஆர்டர் வந்தது. இருநூறு பக்கிள், வருஷத்துக்கு இரண்டு தடவை. எல்லாம் சிங்க முகம். ஒரே ஒரு நிபந்தனை: கண் மூடியே வர வேண்டும், துணியில் கட்டி, மஞ்சள் நூலோடு, முறையை அச்சடித்த தாளும் வைத்து. அந்தத் தாளுக்கும் தனி விலை தருவார்களாம். நான் முதலில் மூத்தாருக்குத்தான் போன் செய்தேன். பிறகு மேஸ்திரியிடம் ஓடினேன். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

"எதுக்கு மூடி அனுப்பணும்?" என்று கேட்டார். அவர்கள் அங்கே திறப்பார்கள், அதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்றேன்.

"தெரியாம நடந்துபோச்சு, அதுக்கு ஒரு பரிகாரம் சொன்னேன்," என்றார். "பரிகாரத்தையே தொழிலா பண்ணிக்கினு இருப்பீங்களா மேடம்? மொகம் வச்சா கண்ண நாந்தான் தொறப்பேன். தெரிஞ்சே குருடா அனுப்பமாட்டேன்."

கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். கொடி ஏற நாலு நாள்தான் இருக்கிறது என்றேன். மெக்கானிக் வந்தால் உங்கள் உலையை எங்கே வைப்பீர்கள் என்றேன். அவர் வண்டலைச் சலித்துக்கொண்டே இருந்தார். விழுப்புரம் வரும்வரை பஸ்ஸில் அவரை மனதுக்குள் வைது தீர்த்தேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அச்சுக்குக் கொடுக்க எடுத்தேன். "எங்கள் பட்டறை மரபு" என்று நானே எழுதிய வரியைப் படித்ததும் கூச்சமாக இருந்தது. இரும்புச் சட்டைக்காரர் கண்ணைத் துடைத்தது வேறு ஞாபகம் வந்தது. அந்த மனிதர் அழுதது என் அவசரத்துக்கு. அதைத் தாளுக்கு இவ்வளவு என்று விற்பதா?

போலந்து அம்மாளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். முடிக்காத சரக்கைப் பேக்கிங் என்று நினைத்து நான் அனுப்பிவிட்டேன், நீங்கள் செய்தது அந்தத் தப்புக்குப் பரிகாரம், இனிமேல் முகம் கேட்டால் எங்கள் மேஸ்திரி கண் திறந்துதான் கொடுப்பார். இதனால் ஆர்டர் வேண்டாம் என்றால் எனக்குப் புரியும் என்றும் எழுதினேன். பிறகு மூத்தாருக்குப் போன் செய்து, ஆர்டர் இன்னும் உறுதியில்லை என்றேன்.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள், கொடி ஏறும் நாள், காலையிலேயே மூத்தார் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டார். இருவரும் டேப் பிடித்து அளந்தார்கள். உலை இருந்த இடத்தில் காற்றடிக்கும் மிஷின் வைக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். மேஸ்திரி எதையும் கவனிக்காதவர் போல மூலையில் மெழுகோடு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் என் போனில் பதில் வந்தது.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று ஆரம்பித்திருந்தார். அப்படியென்றால் உலகத்திலேயே இப்படித் திறக்கப்பட்டவை எங்கள் நாற்பதுதான், இல்லையா என்று அடுத்த வரி. கூட்டம் போட்டுப் பேசினார்களாம். இந்தப் பெருமை தங்கள் படையோடு நிற்கட்டும், இனி வேறு யாருக்கும் சிங்கம் வேண்டாம் என்று ஏகமனதாக முடிவாம். மற்றவர்களுக்குச் சாதா வட்டப் பக்கிளே போதும். இருநூறு, வருஷத்துக்கு இரண்டு தடவை, நீங்கள் முன்பு செய்த அதே மாதிரி. தன் தப்புக்கு வருந்தி ஒரு ஏழை எழுதிய கடிதத்தில்கூடத் தங்களுக்கு ஒரு பட்டயத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும் திறமைக்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

மூத்தாரிடம் போனைக் காட்டினேன். படித்துவிட்டு டேப்பைச் சுருட்டினார். "நான் அப்பவே சொன்னேன், இந்தப் புள்ள சாதிக்கும்னு," என்று மெக்கானிக்கிடம் சொன்னார். கொட்டகை எனக்குத்தான். இனி நான் எவர் மேசை முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை; வாய்விட்டுச் சிரித்தேன். அவர்கள் போன பிறகு மேஸ்திரியிடம் சொல்லப் போனேன்.

அவர் கையில் ஒரு முகம் இருந்தது. புதுச் சிங்கம், மெழுகில். கண் எந்த இடத்தில் வரும் என்று ஊசியால் இரண்டு புள்ளியும் குறித்திருந்தார். "மேடம், மெழுகுலயே எடம் குறிச்சிட்டா, வார்த்த அன்னிக்கே நல்ல நேரம் பாத்து நானே தொறந்துடுவேன். உங்களுக்கும் லேட்டு ஆவாது," என்றார். எனக்காக அவர் இறங்கிவந்தது அவ்வளவு தூரம். மூன்று நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

முகம் வேண்டாமாம் மேஸ்திரி, பழையபடி வட்டம்தானாம் என்றேன். கொட்டகை நமக்குத்தான், வருஷம் பூரா வேலை என்று வேகமாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் தலையாட்டினார். முகத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, மெழுகு உருக்கும் சட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"அத வச்சிருங்க மேஸ்திரி," என்றேன்.

"மெழுகு வெயிலுக்கு நிக்காது மேடம்," என்று சொல்லிக்கொண்டே அதைச் சட்டியில் போட்டார். "வளையம் எத்தினி இன்ச்சு?"